அதிவேக டேட்டா பைப்லைன்களில் டொமைன் டிரிவன் டிசைன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நொடிக்கு லட்சக்கணக்கில் எவென்ட்டுகள் (நடந்ததைச் சொல்லும் செய்திகள்) ஓடும் அமைப்புகளை, அதாவது டேட்டா பைப்லைன்களை, கட்டுகிறவர்கள் டொமைன் டிரிவன் டிசைன் (டிடிடி) பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளையும், நானே எனக்குள் கேட்டுக்கொண்ட சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பேச்சு காற்றில் மிதக்கக் கூடாது என்பதால் கடைசி வரை ஒரே எடுத்துக்காட்டு. ஒரு மின் விநியோக நிறுவனம். 1 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள். ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்கு ஒரு ரீடிங் அனுப்புகிறது. மீட்டருக்கு நாளொன்றுக்கு 96 ரீடிங், மொத்தம் 96 கோடி. சராசரியாகப் பார்த்தால் நொடிக்கு 11 ஆயிரத்துச் சொச்சம்தான். ஆனால் எல்லா மீட்டரும் கால்மணி முடிந்த முதல் நிமிடத்திலேயே அனுப்பினால் நொடிக்கு 1.66 லட்சம் ஆகிவிடும். இந்த 15 மடங்கு வித்தியாசம் கஃப்காவின் (எவென்ட்டுகளை வாங்கி வைத்துக் கடத்தும் மென்பொருள்) எந்த செட்டிங்கிலும் எழுதியிருக்காது. மீட்டர் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்த ஆளிடம்தான் அது இருக்கும்.

டிடிடி என்பது என்ன, சுருக்கமாக?

தொழிலைச் செய்கிறவர்கள் பேசும் மொழியிலேயே மென்பொருளின் மாடலும் இருக்க வேண்டும். ஒரு சொல்லின் பொருள் எங்கே மாறுகிறதோ அங்கே ஓர் எல்லைக்கோடு போட வேண்டும். 2003-இல் எரிக் எவன்ஸ் இதற்குப் பெயரும் வடிவமும் கொடுத்தார். கோட்டுக்குள் இருக்கும் பகுதி பவுண்டட் கான்டெக்ஸ்ட். எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்க வேண்டிய தரவுகளின் தொகுதி அக்ரிகேட். தனி அடையாளம் இல்லாமல் மதிப்பால் மட்டுமே அறியப்படுவது வேல்யூ ஆப்ஜெக்ட். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இந்த மூன்று சொற்கள் போதும்.

அது பிசினஸ் அப்ளிகேஷன் எழுதுகிறவர்களுக்கு உரியது. பைப்லைனில் வருவது வெறும் தரவு. அங்கே இதற்கு என்ன வேலை?

"வெறும் தரவு" என்ற இந்த எண்ணத்தால்தான் பைப்லைன்கள் கெட்டுப்போகின்றன என்று நான் நினைக்கிறேன். எங்கள் எடுத்துக்காட்டில் "பயன்பாடு" என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பில் பிரிவுக்குப் பயன்பாடு என்றால் சரிபார்த்து, விட்டுப்போன இடங்களை மதிப்பிட்டு நிரப்பி, திருத்தி முடித்த எண். மின்தடையைக் கண்காணிக்கிறவர்களுக்கு இந்த நிமிடம் மின்சாரம் ஓடுகிறதா இல்லையா என்பதே செய்தி. மதிப்பிட்டு நிரப்பிய எண் அவர்களிடம் போனால் தடைபட்ட தெருவிலும் மின்சாரம் இருப்பதாகத் தெரியும். மின் இழப்பைக் கணக்கிடுகிறவர்களுக்கோ மீட்டர் காட்டிய அசல் எண் மட்டும்தான் வேண்டும். மதிப்பிட்டதைச் சேர்த்தால் திருட்டும் கசிவும் அதற்குள்ளே ஒளிந்துகொள்ளும்.

மூவருக்கும் பொதுவாக "பயன்பாடு" என்று ஒரே நெடுவரிசை போட்ட டேபிளை நான் பார்த்திருக்கிறேன். அதில் எந்த வரி அசல், எந்த வரி மதிப்பீடு என்று கண்டுபிடிக்க, ஆறு ஜாயின் (டேபிள்களைச் சேர்த்துப் பார்ப்பது) கொண்ட ஒரு கொயரி ஆளுக்கு ஆள் கைமாறிக்கொண்டிருந்தது. அதை முதலில் எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். அங்கே தேவைப்பட்டது வேகமான இயந்திரம் இல்லை. மீட்டர் ரீடிங், பில் பயன்பாடு, இணைப்பின் நிலை என்று மூன்று பெயர்களும், அவற்றுக்கு நடுவே மூன்று கோடுகளும்தான்.

ரெகார்டுக்கு ஓர் ஆப்ஜெக்ட் என்று போனால் த்ரூபுட் (நொடிக்கு எத்தனை ரெகார்டு ஓடும் என்ற அளவு) படுத்துவிடாதா?

படுத்துவிடும். நொடிக்கு 1 லட்சம் ரெகார்டு வரும்போது ஒவ்வொன்றுக்கும் 10 மைக்ரோ நொடி கூடுதலாகச் செலவழித்தால், நொடிக்கு 1 நொடி; அதாவது ஒரு சிபியு கோர் முழுதாகப் போய்விட்டது. ஜாவா நிரல்கள் ஓடும் ஜேவிஎம்மில் ஓர் ஆப்ஜெக்டின் ஹெடருக்கு மட்டுமே வழக்கமாக 12 அல்லது 16 பைட் செலவாகும். 8 பைட் ரீடிங்கை ஓர் ஆப்ஜெக்டுக்குள் பொதிந்தால் சரக்கைவிடப் பெட்டி கனமாகிவிடும், பிறகு நினைவகத்தைச் சுத்தம் செய்யும் கார்பேஜ் கலெக்டர் அத்தனையையும் கூட்டி அள்ள வேண்டும். பெருந்தரவைக் கணக்கிடும் ஸ்பார்க்கில் இதை யூடிஎஃப்-ஆக (நாமே எழுதிச் சேர்க்கும் ஃபங்ஷன்) எழுதினால் இன்னொரு இழப்பும் உண்டு: அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று ஆப்டிமைசருக்குத் தெரியாது, அதன் விடையை வைத்து எழுதும் ஃபில்டரைத் தரவு மூலத்துக்குத் தள்ளவும் முடியாது.

ஆனால் மாடல் என்றால் கிளாஸ் என்று யார் சொன்னது? "கிலோவாட் மணி" என்ற வேல்யூ ஆப்ஜெக்ட் இயங்கும் நேரத்தில் ஓர் ஆப்ஜெக்டாக இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. அது, நெடுவரிசை வாரியாகச் சேமிக்கும் பார்க்கே கோப்பில் ஒரு நெடுவரிசையாக இருக்கலாம். ஸ்கீமாவில் (தரவின் வடிவ வரையறை) அலகோடு சேர்ந்த பெயராக இருக்கலாம். ரஸ்ட் போன்ற மொழியில் கம்பைல் ஆனபின் மறைந்துபோகும் ஒரு டைப்பாக இருக்கலாம். ரெகார்டுகள் தொகுதி தொகுதியாக, நெடுவரிசை வடிவில் ஓடட்டும். விதியைத் தொகுதி முழுமைக்கும் ஒரே எக்ஸ்பிரஷனாக எழுதுங்கள். எழுதுகிற ஃபங்ஷனின் பெயர் மட்டும் மீட்டர் பிரிவுக்காரர் படித்தால் புரியும்படி இருக்கட்டும்.

எனக்குத் தெரிந்து த்ரூபுட்டை உண்மையில் கொல்வது வேறொன்று. ரீடிங் வந்து சேரும் இடத்திலேயே கட்டண விகிதத்தையும் தேடிப் பிடிக்க முயல்வது. ஒரு தேடலுக்கு 1 மில்லி நொடி என்றாலும், நொடிக்கு 1 லட்சம் ரெகார்டுக்கு 100 நொடிக் காத்திருப்பு சேரும். அதைச் சமாளிக்க கேஷ் (கைக்கெட்டும் நகல்) போடுவார்கள், பிறகு கேஷ் பழசாகிவிட்டது என்று இன்னொரு வேலை வரும். ரீடிங் பெறும் கான்டெக்ஸ்டுக்குக் கட்டணம் தெரியவே வேண்டியதில்லை என்று கோடு போட்டுவிட்டால் அந்தத் தேடல் அங்கிருந்தே போய்விடுகிறது. பில் கான்டெக்ஸ்டில் அது நாளுக்கு ஒருமுறை மொத்தமாகச் செய்யும் ஜாயின். அங்கே அது ஒரு பொருட்டே இல்லை.

அக்ரிகேட்டுக்கும் பார்ட்டிஷன் கீக்கும் என்ன தொடர்பு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

அக்ரிகேட் என்பது ஒரு கேள்விக்கான விடை: எவையெல்லாம் ஒன்றோடொன்று முரண்படாமல், வரிசை தவறாமல் இருந்தே தீர வேண்டும்? கஃப்கா ஒரு டாபிக்கை (எவென்ட்டுகளின் ஓடையை) பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும்; எந்த ரெகார்டு எதில் போகும் என்று சொல்வது பார்ட்டிஷன் கீ. அங்கே வரிசைக்கு உத்தரவாதம் ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான். ஓடும் தரவைக் கணக்கிடும் ஃபிளிங்க்கில் ஸ்டேட் (அது நினைவில் வைத்திருக்கும் நிலை) ஒரு கீக்குள் மட்டும்தான். ஆக, உங்கள் அக்ரிகேட்டின் அடையாளம் எதுவோ அதுவே பார்ட்டிஷன் கீ. மாடல் போடும் கோடும் இயந்திரம் போடும் கோடும் ஒன்றாக விழும் இடம் இது. ஒன்றாக விழுந்தால் எத்தனை இயந்திரம் சேர்த்தாலும் ஒன்றை ஒன்று காத்திருக்காமல் ஓடும். விலகி விழுந்தால் லாக்கும் (பூட்டும்) ரீஷஃபிளும் (தரவை மறுபடி பிரித்து அனுப்புவதும்) போட்டுச் சமாளிக்க வேண்டியதுதான்.

நான் ஒருமுறை இதில் தவறினேன். ரீடிங் மீட்டரிலிருந்து வருகிறது, எனவே மீட்டர் எண்தான் கீ என்று வைத்தேன். அப்போது யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை. மீட்டர் காட்டுவது கூடிக்கொண்டே போகும் மொத்த எண். முந்தைய ரீடிங்கை ஸ்டேட்டில் வைத்து, புதியதிலிருந்து கழித்தால் அந்த 15 நிமிடப் பயன்பாடு. மாதங்கள் நன்றாக ஓடியது. பிறகு ஒரு பகுதியில் பழைய மீட்டர்களைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்தினார்கள். புதிய மீட்டர் எண்ணுக்கு முந்தைய ஸ்டேட் இல்லை. எனவே அதன் முதல் ரீடிங் எதனோடும் ஒப்பிடப்படாமல் போனது. பழைய மீட்டரின் கடைசி ரீடிங்குக்கும் அது கழற்றப்பட்ட நேரத்துக்கும் இடையே ஓடிய மின்சாரம் யார் கணக்கிலும் ஏறவில்லை. பைப்லைனில் ஒரு பிழைச் செய்தி கூட இல்லை, டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. பில் பிரிவில் ஓர் அம்மா கையால் பத்து பில்லைச் சரிபார்த்தபோதுதான் வெளியே வந்தது. "சார், எங்களுக்கு மீட்டர் கணக்கு கிடையாது, கனெக்‌ஷன்தான் கணக்கு. மீட்டர் வரும் போகும்" என்றார். மூன்று வாரம் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு விடை அந்த ஒரு வரியில் இருந்தது.

அக்ரிகேட் மின் இணைப்பு. மீட்டர் என்பது அதில் ஒரு காலத்துக்குப் பொருத்தப்பட்டிருக்கும் கருவி. கீயை இணைப்பு எண்ணுக்கு மாற்றியதும் "மீட்டர் மாற்றப்பட்டது" என்ற எவென்ட்டும் ரீடிங்கும் ஒரே கீயில் போய்ச் சேர்ந்தன, ஃபிளிங்க்கில் ஒரே ஸ்டேட்டைத் தொட்டன. அதன்பிறகு ரீடிங் குறைந்தால் என்ன பொருள் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. மீட்டர் மாறியிருக்கலாம். ஐந்து இலக்க மீட்டராக இருந்தால் 99999-ஐத் தாண்டி 00000-க்குத் திரும்பியிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் பழுது, அல்லது யாரோ கை வைத்திருக்கிறார்கள். முன்பு இவற்றில் பின்னிரண்டையும் "மைனஸ் வந்தால் பூஜ்யம் போடு" என்ற ஒரே வரி விழுங்கிக்கொண்டிருந்தது. உங்கள் நிரலிலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள்.

ஒரு கீ மட்டும் சூடாகிவிட்டால், அதாவது அதில் மட்டும் அளவுக்கு மீறி ரெகார்டுகள் குவிந்தால்? பார்ட்டிஷன் எண்ணிக்கையைக் கூட்டிவிடலாமா?

முதலில் இரண்டாவதற்குப் பதில். கஃப்கா வழக்கமாகக் கீயை ஹாஷ் செய்து (ஓர் எண்ணாக மாற்றி) பார்ட்டிஷன் எண்ணிக்கையால் வகுத்த மீதியைப் பார்த்து இடம் ஒதுக்குகிறது. ஓடும் டாபிக்கில் எண்ணிக்கையைக் கூட்டினால் மீதி மாறும். ஒரே இணைப்பின் நேற்றைய எவென்ட்டுகள் ஒரு பார்ட்டிஷனிலும் இன்றையவை வேறொன்றிலும் கிடக்கும், வரிசைக்கு இருந்த உத்தரவாதம் அந்த இடத்தில் அறுந்துவிடும். தொடக்கத்திலேயே தாராளமாக வையுங்கள். அல்லது புதிய டாபிக் திறந்து ஒரு தெளிவான நேரத்தில் மாறிக்கொள்ளுங்கள்.

சூடான கீ விஷயத்தில் முதலில் கேட்க வேண்டியது: இங்கே உண்மையிலேயே வரிசை வேண்டுமா? மின் இழப்புக் கணக்கில் ஒரு ஃபீடரிலிருந்து (ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்) வெளியே போன மின்சாரத்தை, அதில் இணைந்த ஆயிரக்கணக்கான இணைப்புகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட வேண்டும். ஃபீடர் எண்ணைக் கீயாக வைத்தால் பெரிய ஃபீடர்கள் சூடாகும். ஆனால் கூட்டலுக்கு வரிசை தேவையில்லை. இணைப்பு வாரியாகவோ துண்டு துண்டாகவோ கூட்டி, அந்தச் சிறு கூட்டுத்தொகைகளை மட்டும் ஃபீடருக்கு அனுப்பினால் போதும். ஃபீடர் ஓர் அக்ரிகேட் இல்லை, அது ஓர் அறிக்கையின் தலைப்பு என்று புரிந்ததும் பிரச்சினை பாதி கரைந்துவிடுகிறது. சால்ட் சேர்ப்பது (ஒரே கீயோடு ஓர் எண்ணை ஒட்டிப் பல கீகளாகப் பிரிப்பது) போன்ற வித்தைகளை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

டேட்டாபேஸிலிருந்து சிடிசி (அதில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பிடித்து அனுப்புவது) எடுக்கிறோம். அதுவே எவென்ட்டுதானே?

அது மாற்றத்தின் தடம். டெபீசியம் போன்ற கருவி டேட்டாபேஸின் லாகை (மாற்றப் பதிவேட்டை) படித்து, இந்த வரி முன்பு இப்படி இருந்தது, இப்போது இப்படி ஆனது என்று சொல்லும். மீட்டர் டேபிளில் ஸ்டேட்டஸ் 3-லிருந்து 7 ஆனது என்று வரும். 7 என்றால் என்ன? கழற்றியதா, பழுதா, தவறாகப் பதிவானதைத் திருத்தியதா? அதை ஊகிக்கும் நிரலை ஒவ்வொரு கன்சூமரும் (அந்த டாபிக்கைப் படிப்பவர்) தனித்தனியே எழுதுவார்கள், ஒவ்வொருவர் ஊகமும் ஒரு மாதிரி இருக்கும். அந்த டேபிளின் உள்ளமைப்பே ஊருக்குப் பொதுவாகிவிடுவதால், அதன் சொந்தக்காரரால் ஒரு நெடுவரிசையின் பெயரைக்கூட மாற்ற முடியாது.

எவென்ட் என்றால் தொழில்காரர் சொல்லும் வாக்கியம்: "இந்த இணைப்பில் இந்த நேரத்தில் மீட்டர் மாற்றப்பட்டது, பழையதன் இறுதி ரீடிங் இவ்வளவு, புதியதன் தொடக்க ரீடிங் இவ்வளவு." இதை நம்பகமாக வெளியே கொண்டுவர அவுட்பாக்ஸ் முறை உதவும். மீட்டர் டேபிளை மாற்றும் அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் அவுட்பாக்ஸ் டேபிளிலும் இந்த வாக்கியத்தை எழுதிவிடுங்கள். சிடிசி அந்த அவுட்பாக்ஸை மட்டும் படிக்கட்டும்.

மூல அமைப்பு பழையது, யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள் என்றால்? அப்போது சிடிசியை எடுத்து, அதன் பின்னாலேயே மொழிபெயர்க்கும் ஒரு வேலையை வையுங்கள். ஆன்டி கரப்ஷன் லேயர் என்று டிடிடியில் சொல்வது இதைத்தான். 7 என்றால் என்ன என்ற அறிவு அந்த ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும். அசல் சிடிசி டாபிக்கைப் படிக்க வேறு யாருக்கும் அனுமதி தராதீர்கள். இதில் கண்டிப்பாக இருந்ததற்காக நான் ஒருபோதும் வருந்தியதில்லை.

ஸ்கீமா ரெஜிஸ்ட்ரி (ஸ்கீமாக்களைப் பதிந்து, மாற்றங்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் இடம்) இருக்கிறது. டேட்டா கான்ட்ராக்ட் (தரவைத் தருபவர் பெறுபவருக்குத் தரும் உறுதி) என்று தனியாக எதற்கு?

ரெஜிஸ்ட்ரி வடிவத்தைக் காக்கும், பொருளைக் காக்காது. கன்ஃப்ளுயன்ட் ரெஜிஸ்ட்ரியில் இயல்பாக இருப்பது பேக்வேர்டு முறை: புதிய ஸ்கீமாவால் பழைய தரவைப் படிக்க முடிய வேண்டும், எனவே கன்சூமர்கள் முதலில் மாற வேண்டும். நல்லது, அவசியமும்கூட. ஆனால் நேற்று வரை கிலோவாட் மணியில் வந்த ரீடிங்கை ஒருவர் இன்று முதல் வாட் மணியில் அனுப்பினால் டைப் அதே டபுள்தான். ரெஜிஸ்ட்ரி வாய் திறக்காது.

இது ஏட்டுக் கவலை இல்லை. 1999 செப்டம்பர் 23 அன்று நாசா, மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்தை இழந்தது. உந்துவிசைக் கணக்கைத் தந்த ஒரு மென்பொருள் பவுண்டு விசை நொடியில் எழுதியது. பெற்றுக்கொண்ட மென்பொருள் அதை நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் சுமார் 4.45 மடங்கு. இரு கான்டெக்ஸ்டுகளுக்கு நடுவே போன கோப்பில் எண் சரியாகத்தான் இருந்தது, அலகுதான் பொருந்தவில்லை.

எனவே அலகை ஃபீல்டின் பெயரிலேயே எழுதுங்கள்: ரீடிங் என்று இருந்ததை ரீடிங் கிலோவாட் மணி என்று. அலகு மாறினால் பெயர் மாறும், கட்டாய ஃபீல்டின் பெயர் மாறினால் ரெஜிஸ்ட்ரி சத்தம் போடும். மீட்டர் எண்ணை எண்ணாக அனுப்பாதீர்கள். அதைக் கூட்டப்போவதும் இல்லை, கழிக்கப்போவதும் இல்லை. ஜேசன் வழியாக ஜாவாஸ்கிரிப்டுக்குள் போனால் 2-இன் 53-ஆம் அடுக்குக்கு மேற்பட்ட முழு எண்களின் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடலாம், முன்னால் உள்ள பூஜ்யங்களோ எண்ணாக மாற்றியதுமே காணாமல் போகும். கான்ட்ராக்டில் இவற்றோடு இன்னும் மூன்று வேண்டும்: யார் சொந்தக்காரர், எவ்வளவு தாமதம் ஏற்கத்தக்கது, எது ஒருபோதும் நடக்காது என்று அவர் உறுதி தருகிறார்.

தாமதமாக வரும் ரீடிங்கை என்ன செய்வது? வாட்டர்மார்க்கை (தாமதமானவற்றுக்காகக் காத்திருக்கும் வரம்பை) எவ்வளவு வைக்க?

இதை இன்ஜினியர் முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தொடர்பு அறுந்த மீட்டர் ரீடிங்குகளைத் தன் நினைவகத்தில் சேர்த்து வைத்து, தொடர்பு திரும்பியதும் மொத்தமாகக் கொட்டும். ஆறு மணி நேரம் பழைய ரீடிங் மின்தடைக் கண்காணிப்புக்கு வரலாறு. அதைப் பார்த்து இப்போது எச்சரிக்கை எழுப்பினால் தவறு. மின் இழப்புக் கணக்குக்கு அது பொன்னானது, அது வரும்வரை காத்திருப்பதே சரி. பில்லுக்கோ, பில் மூடும் தேதிக்கு முன் வந்தால் சாதாரண ரீடிங். மூடியபின் வந்தால் அது அடுத்த பில்லில் போக வேண்டிய சரிக்கட்டல். அதாவது ரீடிங் ஒன்றே, ஆனால் பில் மூடப்பட்டதற்கு முன்னும் பின்னும் அது வேறு வேறு பொருள்.

மூன்று கான்டெக்ஸ்டுக்கும் பொதுவாக, முன்னால் ஓர் இடத்தில் "10 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் தூக்கிப்போடு" என்று எழுதிவிட்டால் மூவருமே நட்டப்படுவார்கள். நிகழ்ந்த நேரம், வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் ரெகார்டிலேயே சுமந்து செல்லுங்கள். காத்திருக்கும் அளவை ஒவ்வொரு கான்டெக்ஸ்டும் தனக்கென வைத்துக்கொள்ளட்டும்.

நேரம் பற்றி இன்னொன்று. ஒரு நாளைக்கு 96 ரீடிங் வராவிட்டால் குறை என்று சோதனை எழுதுகிறவர்கள் பலர். கோடைக்கால நேர மாற்றம் உள்ள நாடுகளில் ஆண்டுக்கு ஒரு நாள் 23 மணி நேரம், இன்னொரு நாள் 25 மணி நேரம். அந்த நாட்களில் வர வேண்டியவை 92-உம் 100-உம். "நாள்" என்பதும் ஒரு டொமைன் சொல்தான். உள்ளே யுடிசியில் வைத்துக்கொண்டு, பில் நாள் எது என்ற விதியைத் தனி ஃபங்ஷனாக எழுதுங்கள்.

எக்ஸாக்ட்லி ஒன்ஸ் (ஒவ்வொரு செய்தியும் ஒரே ஒருமுறை கணக்கில் ஏறும் வசதி) இயக்கிவிட்டோம். இரட்டைப் பதிவு கவலை இனி இல்லைதானே?

2017-இல் வெளிவந்த கஃப்கா 0.11 முதல் அந்த வசதி இருக்கிறது, கஃப்காவிலிருந்து படித்துக் கஃப்காவில் எழுதும் வட்டத்துக்குள் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் மீட்டர், தான் அனுப்பியதற்குப் பதில் கிடைக்காததால், அதே ரீடிங்கை இரண்டாம் முறை அனுப்பினால் கஃப்காவுக்கு அது புத்தம் புதிய செய்தி. இரண்டும் ஒன்றே என்று சொல்லக்கூடியது மாடல் மட்டும்தான்: மீட்டர் எண்ணும் இடைவெளித் தொடக்க நேரமும் ஒன்றானால் அது ஒரே ரீடிங். அந்த ஜோடியை அடையாளமாக வைத்து எழுதினால் எத்தனை முறை வந்தாலும் பாதகமில்லை. அடையாளம் ஒன்றாக இருந்து மதிப்பு மட்டும் வேறாக இருந்தால் அது திருத்தம். அதற்கு ஒரு திருத்த எண் வேண்டும், இல்லையெனில் எது பிந்தியது என்று நெட்வொர்க்கின் தயவில் முடிவாகும்.

பிரான்ஸ் (அசல்), சில்வர் (சுத்தம் செய்தது), கோல்டு (அறிக்கைக்குத் தயாரானது) என்று தரவு அடுக்குகள் வைத்திருக்கிறோம். அவை பவுண்டட் கான்டெக்ஸ்டுகளா?

இல்லை. அவை தரவு எவ்வளவு பதப்பட்டது என்று சொல்கின்றன, யாருடையது என்று சொல்வதில்லை. நிறுவனம் முழுமைக்கும் ஒரே சில்வர் அடுக்கு வைத்தால் மேலே சொன்ன "பயன்பாடு" குழப்பம் அங்கேதான் குடியேறும். அடுக்குகள் வேண்டுமென்றால் ஒவ்வொரு கான்டெக்ஸ்டுக்கு உள்ளேயும் வைத்துக்கொள்ளுங்கள்.

டேட்டா மெஷ் என்பதும் இதுவும் ஒன்றா?

வேர் ஒன்று. 2019-இல் ஜமாக் டெகானி முன்வைத்த டேட்டா மெஷ், டிடிடியின் எல்லைக்கோட்டை நிறுவன அமைப்புக்குக் கொண்டுபோகிறது: தரவின் பொறுப்பு அந்தத் தொழிலைச் செய்யும் குழுவிடமே இருக்கட்டும் என்று. குழுவின் வடிவமே மென்பொருளின் வடிவமாகும் என்று மெல்வின் கான்வே 1968-இலேயே எழுதியதை நினைத்தால் அந்த வாதத்தின் பலம் புரியும். ஆனால் நீங்கள் மொத்தம் ஐந்து பேர் என்றால் மெஷ் வேண்டாம். ஒரே ரெப்போவுக்குள், ஒரே கிளஸ்டரில், கான்டெக்ஸ்டுக்கு ஒரு ஃபோல்டரும் தெளிவான ஸ்கீமாவும் போதும்.

டிடிடியில் வரும் ரெப்போசிடரி (ஆப்ஜெக்டைச் சேமித்து எடுப்பது), ஃபேக்டரி (ஆப்ஜெக்டை உருவாக்குவது) எல்லாம் எழுத வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம்.

விதிக்குப் பொருந்தாத ரெகார்டுகளை டெட் லெட்டர் கியூவில் (கையாள முடியாதவற்றை ஒதுக்கி வைக்கும் இடம்) போடுகிறோம். போதாதா?

அங்கே போனதை யார் பார்க்கிறார்கள்? பார்ஸ் ஆகாத பைட்டுகளுக்கு அந்த கியூ சரியான இடம். ஆனால் "இந்த இணைப்புக்கு இத்தனை யூனிட் சாத்தியமே இல்லை" என்ற ரெகார்டு தொழில்நுட்பப் பிழை இல்லை. சரிபார்க்கும் பிரிவுக்கு அது அன்றாட வேலை. அதற்கு "ஐயத்துக்குரிய ரீடிங்" என்று அவர்கள் மொழியில் ஒரு பெயரும், தனி டாபிக்கும், காரணத்தைச் சொல்லும் ஒரு ஃபீல்டும் கொடுங்கள். அவர்கள் பார்த்து முடித்ததும் "ஏற்கப்பட்டது" அல்லது "மதிப்பீட்டால் மாற்றப்பட்டது" என்று அது திரும்பி வரட்டும்.

எப்போது இதெல்லாம் வேண்டாம்?

லாகுகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அப்படியே நகர்த்தும் வேலை, ஒரே ஒரு குழு படிக்கும் ஒரே அறிக்கை, ஒரு வாரம் ஓடிவிட்டுத் தூக்கிப்போடும் ஆய்வு. இவற்றில் பொருள் மாறும் இடமே இல்லை. நேரே எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் எங்கே கை வைப்பது?

அதிகம் பேர் படிக்கும் டாபிக் அல்லது டேபிள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதிலிருந்து இருபது ரெகார்டை அச்சடித்து, அந்தத் தொழிலைச் செய்கிறவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அழைத்துக் கூட்டம் போடாமல், அவர் இருக்கும் இடத்துக்கே போவது நல்லது. பதில் சொல்லும்போது அவர் திறந்து காட்டும் திரையும் நோட்டும் பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் "இது என்ன, இது எப்போது மாறும், இது தப்பாக இருந்தால் உங்களுக்கு என்ன ஆகும்" என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். குழுவாகச் செய்ய விரும்பினால் ஆல்பெர்ட்டோ பிராண்டோலினி 2013 வாக்கில் அறிமுகப்படுத்திய எவென்ட் ஸ்டார்மிங் முறை கைகொடுக்கும்: நடந்தவற்றை இறந்தகால வாக்கியங்களாகச் சீட்டுகளில் எழுதிச் சுவரில் கால வரிசையில் ஒட்டுவது. இரண்டு பேர் ஒரே சீட்டைப் பார்த்து வேறு வேறு பொருள் சொல்லும் இடத்தில் கோடு போடுங்கள்.

பிறகு அந்த ஒரு டாபிக்குக்கு மட்டும் புதிய கான்ட்ராக்ட், சரியான கீ, தொழில் மொழியில் பெயர்கள். பழையதை நிறுத்தாமல் புதியதையும் பக்கத்திலேயே ஓட விடுங்கள். குறைந்தது ஒரு முழு பில் சுற்று, அதற்குள் ஒரு மீட்டர் மாற்றமும் ஒரு நீண்ட தொடர்புத் துண்டிப்பும் வரும்வரை. இரண்டின் விடைகளையும் இணைப்பு வாரியாக ஒப்பிட்டு, வேறுபட்டவற்றின் பட்டியலை பில் பிரிவிடம் கொண்டுபோங்கள். எது சரி என்று அவர்கள் குறித்துக் கொடுத்ததும், பழைய டாபிக்கின் கன்சூமர்களை ஒவ்வொருவராக மாற்றத் தொடங்கலாம்.